‘நீங்கள் சைக்கிள் ஓடுவீர்களா?’: ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைக்கு நமது ஊர்ப் பதில்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

நூற்றாண்டு விழாவில் பழைய நாட்களைப் பேசுவது வழக்கம். அதைச் சொல்ல எம்மிலும் மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். எங்களுக்குத் தரப்பட்ட இருபது நிமிடத்தில் ஒரு சின்ன விடயத்தை மட்டும் பேசப்போகிறோம். ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் சைக்கிளைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் அது. சிலர் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

‘நாங்கள்’ என்று சொல்வது யாரை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடசாலையில் படித்து வைத்தியத் துறைக்கும் தாதியர் துறைக்கும் போன ஒரு சிலர். சில வருடங்களாக, வெளிநாட்டுப் பயிற்சிக்கோ வேலைக்கோ ஆங்கிலப் பரீட்சை எடுக்கப்போகும் தங்கைமாருக்கு இரவு நேரத்தில் தொலைபேசியில் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறோம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, குசினி வேலை முடிந்த பிறகு, அரை மணித்தியாலம். அந்தப் பயிற்சியில் நாங்கள் கண்டதைத்தான் இங்கே சொல்கிறோம்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம்தான். எதிரே ஒரு பரீட்சகர், பக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. முதல் நான்கைந்து நிமிடம் ஊர், வீடு, சாப்பாடு, பொழுதுபோக்கு என்று எல்லாருக்கும் தெரிந்த விடயங்களைக் கேட்பார். சைக்கிளும் அப்படி வந்துபோகிற தலைப்புத்தான். ‘நீங்கள் சைக்கிள் ஓடுவீர்களா? சிறு வயதில் உங்களிடம் சைக்கிள் இருந்ததா? உங்கள் ஊரில் நிறையப் பேர் சைக்கிள் பாவிக்கிறார்களா?’ இவ்வளவுதான் கேள்வி. இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையைத் தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் தனியே பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் அதே விடயத்தைப் பொதுவாக வைத்து இன்னொரு நான்கைந்து நிமிட உரையாடல். தடங்கலின்றித் தொடர்ச்சியாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு பங்காகப் பார்ப்பார்கள். நான்குக்கும் சம மதிப்பு. உயர்ந்த புள்ளி 9.

பிரித்தானியாவில் பதிவு பெற விரும்பும் வைத்தியர் இந்தப் பரீட்சை வழியாகப் போனால் மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7 என்று எடுக்க வேண்டும். தாதியருக்கும் பேச்சில் 7 தேவை. 6.5 வந்தால் போதாது. மறுபடி கட்டணம், மறுபடி லீவு, மறுபடி இரவு பஸ். பட்டப்பின் படிப்பில் வெளிநாட்டுப் பயிற்சிக் காலத்துக்கு ஓர் இடம் கிடைத்து, இந்த அரைப் புள்ளிக்காகக் காத்திருப்பவர்களை நாங்கள் அறிவோம். குடும்பத்தையே தன் சம்பளத்தில் தூக்கி நிறுத்த நினைக்கும் தாதியத் தங்கைமாரையும் அறிவோம். ஆகவே சைக்கிள் கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

இப்போது, எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம்.

நமது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவ பீடத்தில் ஐந்து வருடமும் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் எழுதிச் சித்தியடைந்தவர்கள். ஆனால் நாம் பாடசாலையில் படித்த காலத்தில் சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை எழுத்தில் மட்டும் நடந்தது. வாய் திறந்து பேசியதற்கு யாரும் புள்ளி போடவில்லை. அதனால் எழுத்து வளர்ந்த அளவுக்குப் பேச்சு வளரவில்லை. பரீட்சை நெருங்கும்போது அந்தக் குறையை நிரப்ப ஒரு குறிப்புப் புத்தகம் கைக்கு வருகிறது. அதில் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

‘நீங்கள் சைக்கிள் ஓடுவீர்களா?’ என்று தொலைபேசியில் கேட்டால், பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: ‘ஆம், நான் சைக்கிள் ஓடுவேன். அது உடம்புக்கு நல்லது. சுற்றாடலுக்கு உகந்தது. வாகன நெரிசலைக் குறைக்கும்.’ அக்கரைப்பற்றில் எந்த நெரிசலை மகள் நீங்கள் குறைத்தீர்கள் என்று கேட்டால் அவர்களே சிரித்துவிடுவார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், 1817இல் ஜேர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் மிதி இல்லாத இரு சில்லு வண்டி செய்ததையும், 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் என்ற கால்நடை வைத்தியர் தன் மகனின் மூன்று சில்லு வண்டிக்குக் காற்றடைத்த டயர் பூட்டியதையும் மனப்பாடம் செய்து வந்த ஒருவரும் உண்டு. எல்லாம் சரியான தகவல். ஆனால் கேட்டது டன்லொப்பை அல்ல, உங்களை.

மனப்பாடப் பதிலைப் பரீட்சகர் உடனே பிடித்துவிடுவார். அதே மூன்று வசனத்தை அவர் அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்து அவர் ‘எந்த வீதியால் போவீர்கள்?’ என்று கேட்டால் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அங்கே பேச்சு நின்றுவிடும். அந்த மௌனத்தில்தான் அரைப் புள்ளி போகிறது.

அப்படியானால் நல்ல பதில் எது? இதற்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது வைத்தியசாலையில் கற்ற ஒரு வழி. நோயாளி வந்து ‘நெஞ்சு நோ’ என்று சொன்னால் நாம் என்ன கேட்கிறோம்? எப்போது தொடங்கியது, எந்த இடத்தில், என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது, முன்பு எப்படி, இப்போது எப்படி. இந்தக் கேள்விகளை உங்களை நோக்கியே கேளுங்கள். ‘சைக்கிள் ஓடுவீர்களா’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு எப்போது, எங்கே, யாரோடு என்று ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு ஏன், அல்லது பிறகு என்ன மாறியது என்று ஒன்றைச் சொல்லுங்கள். மூன்று வசனம். இருபது விநாடி. நிறுத்துங்கள். முதல் பகுதிக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பரீட்சகர் ‘ஆம்’ என்ற பதிலை எதிர்பார்ப்பதாக நமது பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவருக்கு அது தேவையே இல்லை. நீங்கள் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். அவர் கேட்பது உங்கள் பேச்சை. ஆனால் நமது பிள்ளைகளில் பலருக்கு உண்மையான பதில் ‘இல்லை’ என்பதுதான். நம்மில் பலருடைய கதை ஒன்றே. சின்ன வயதில் முற்றத்தில் வாப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழால் காலை விட்டு, சாய்ந்து சாய்ந்து ஓடிப் பழகினோம். பிறகு ஒரு லேடீஸ் சைக்கிள் வந்தது. அதில் பாடசாலைக்கும் குர்ஆன் மதரஸாவுக்கும் போனோம். பெரியபிள்ளை ஆனதும் அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போய்விட்டது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று இருந்தது.

இதைப் பரீட்சையில் சொல்ல வெட்கப்பட்டு, ‘தினமும் ஓடுகிறேன்’ என்று பொய் சொல்லி, அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் சொல்வது, அந்த உண்மையைச் சொல்லுங்கள். பொய்யை விட உண்மையில்தான் இலக்கணமும் கூடுதலாக இருக்கிறது. கேளுங்கள்:

‘நோ, நொட் எனி மோர். ஐ யூஸ்ட் டு ரைட் டு ஸ்கூல் அன்டில் ஐ வோஸ் தேர்ட்டீன். ஐ ஹேவ்ன்ட் ரிடன் வன் சின்ஸ், பட் ஐ திங்க் ஐ குட் ஸ்டில் டூ இட்.’

இப்போது இல்லை, பதின்மூன்று வயதுவரை பாடசாலைக்கு ஓடிப் போவேன், அதன்பிறகு ஓடவில்லை, ஆனால் இன்றும் முடியும் என்றே நினைக்கிறேன். இவ்வளவுதான். பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘யூஸ்ட் டு’ என்பதில் முன்பிருந்த வழக்கம் வந்துவிட்டது. ‘அன்டில்’ என்பதில் அது முடிந்த இடம் வந்துவிட்டது. ‘ஹேவ்ன்ட் ரிடன்’, ‘சின்ஸ்’ இரண்டும் சேர்ந்து அன்றிலிருந்து இன்றுவரை என்பதைச் சொல்கின்றன. ‘குட் ஸ்டில்’ என்பதில் இன்னும் முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ‘தினமும் ஓடுகிறேன், உடம்புக்கு நல்லது’ என்பதில் நிகழ்காலம் ஒன்று மட்டும்தான் இருக்கிறது. எது கூடிய புள்ளி பெறும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் பிழைகள். இவை நம் எல்லாரிடமும் உண்டு. நாம் ‘சைக்கிள் ஓடுகிறோம்’. அதனால் சிலர் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்கிறார்கள், சிலர் காரைப்போல் ‘டிரைவ்’ என்கிறார்கள். சைக்கிளுக்கும் குதிரைக்கும் ‘ரைட்’ என்ற சொல்தான். இறந்தகாலம் ‘ரோட்’, அதற்கடுத்தது ‘ரிடன்’. ‘எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும்’ என்பதை ‘ஐ நோ சைக்கிள்’ என்று சொன்னால் சைக்கிளோடு அறிமுகம் இருக்கிறது என்பதுபோல் ஆகிவிடும். ‘ஐ கேன் ரைட்’ என்பது போதும்.

தமிழில் ‘சைக்கிளில்’ என்று ஓர் ‘இல்’ போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் பொதுவாகச் சொன்னால் ‘பை பைசிக்கிள்’. ‘என்னுடைய’ என்று வந்துவிட்டால் ‘ஒன் மை பைசிக்கிள்’. ‘இன்’ வராது, நாம் அதற்குள்ளே உட்காருவதில்லை. காற்றுப் போனால் ‘எயர் கோன்’ அல்ல, ‘ஃபிளாட் டயர்’. காற்றடிப்பது ‘பம்ப் அப்’. ‘டபிள்ஸ் போனோம்’ என்பது நமக்குள் விளங்கும். வெளியாளுக்கு விளங்காமல் போகலாம். அப்போது ‘காக்கா ஓட, நான் பின்னால் கரியரில் இருந்து போவேன்’ என்று விரித்துச் சொல்லுங்கள். ஒரு சொல் தெரியாவிட்டால் அதைச் சுற்றி விளக்கிவிடுவதும் சொல்வளத்தில் சேரும். சொல் வரவில்லை என்று நின்றுவிட வேண்டாம்.

உச்சரிப்பில் நான்கைந்து இடம்தான். ‘சைக்கிள்’, ‘மோட்டார் சைக்கிள்’ என்பதில் ‘சை’ வரும். ஆனால் ‘பைசிக்கிள்’ என்பதில் ‘சி’ தான். அழுத்தம் முதலில் வரும் ‘பை’யில். ‘பைசைக்கிள்’ என்று சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர். சில்லுக்கான ‘வீல்’ என்ற சொல்லில் உதட்டைக் குவித்துத் தொடங்குங்கள். நமது ‘வ’ போல் பல்லைத் தொட்டால் அது கன்றிறைச்சியின் பெயராகிவிடும். மிதியைக் குறிக்கும் சொல்லில் ‘ட’ மெதுவாக வர வேண்டும். அழுத்தினால் பூவிதழ் ஆகிவிடும். ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ஓர் ‘இ’ போட்டு ‘இஸ்கூல்’ ஆக்காதீர்கள். இவ்வளவும் கவனித்தால் போதும். பிரித்தானியரைப்போல் பேச வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நமது தொனிக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். கேட்பவருக்குச் சிரமமில்லாமல் விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

‘உங்கள் ஊரில் சைக்கிள் பிரபலமா?’ என்பது அடுத்த கேள்வி. இங்கேயும் ‘எனது நாட்டில் மக்கள் சைக்கிளை விரும்புகிறார்கள்’ என்று காற்றில் பேசாதீர்கள். ஊர் உங்கள் கண்முன்னே இருக்கிறது. விடியற்காலையில் கரியரில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிறவர், வட்டைக்கு வரம்பு பார்க்கப் போகிற மூத்தவாப்பா, ரியூஷனுக்குப் போகிற பிள்ளைகள். யார் பாவிக்கிறார்கள், யார் விட்டுவிட்டார்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். யுத்தம் முடிந்த 2009இற்குப் பிறகு வீதிகள் அகன்றன, மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்தது. 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற மாதங்களில், மூலையில் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தோம். சைக்கிள் விலை ஏறியது. வைத்தியசாலைக்குச் சைக்கிளில் வந்தவர்களும் உண்டு. முன்பு அதிகம், இடையில் குறைந்தது, ஒரு நெருக்கடியில் திரும்பி வந்தது. மூன்று வசனத்தில் மூன்று காலம். இந்தப் பதிலை உலகத்தில் வேறு எந்தக் குறிப்புப் புத்தகமும் தராது.

இரண்டாம் பகுதியில் ‘சிறு வயதில் உங்களிடம் இருந்த ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள்’ என்று அட்டை வந்தால் சைக்கிளை எடுங்கள். தருகிற ஒரு நிமிடத்தில் முழு வசனம் எழுதாதீர்கள். நான்கு சொல் போதும்: யாருடையது, எந்த வழி, ஒரு நாள், முடிவு. யாருடையது என்பதற்கு, ராத்தா ஓடியது, பிறகு நமக்கு வந்தது. எந்த வழி என்பதற்கு, வீட்டிலிருந்து பாடசாலைவரை என்னென்ன கடந்தோம். ஒரு நாள் என்பதற்கு, மாரி மழையில் செயின் கழன்ற நாள், அல்லது தொண்ணூறுகளில் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டு போன நாள். முடிவு என்பதற்கு, அது யாரிடம் போனது. எங்கள் பயிற்சியில் ‘ஒரு நிமிடம்கூடப் பேச வராது’ என்று அழுத ஒரு தங்கை, தன் ராத்தாவின் சைக்கிளைப் பற்றிப் பேசத் தொடங்கி மூன்று நிமிடம் போனார். நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. இலக்கணப் பிழை இரண்டோ மூன்றோ இருந்தது. ஆனால் தயக்கம் இல்லை. தயக்கம் போனால் முதல் பங்குப் புள்ளி தானே உயரும்.

மூன்றாம் பகுதியில்தான் கொஞ்சம் பொது அறிவு உதவும். ‘அரசாங்கம் சைக்கிளை ஊக்குவிக்க வேண்டுமா? சைக்கிளால் பெண்களின் வாழ்க்கை மாறுமா?’ என்று கேட்கலாம். இங்கே ஒரு கருத்து, ஒரு காரணம், ஓர் உதாரணம். உதாரணம் ஒன்றுதான். அதிகம் கொட்டாதீர்கள். உங்களுக்காக மூன்றைச் சொல்கிறோம். விருப்பமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கக் கற்பதோடு பெண்கள் சைக்கிள் ஓடப் பழகுவதையும் அதில் சேர்த்தார். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், தாதியர், ஆசிரியைகள். முஸ்லிம் பெண்களும் அதில் இருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது இந்தியாவின் பீகார் மாநிலம். 2006இல் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தபோது, இடைநிலை வகுப்பில் சேரும் மாணவிகளின் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பாடசாலை தூரத்தில் இருந்த ஊர்களில்தான் பலன் கூட.

மூன்றாவது நமது நாடு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு, வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு 2005இல் உருவாகி, வேர்ல்ட் விஷனோடு சேர்ந்து இலங்கையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 24,000இற்கும் மேற்பட்ட சைக்கிள்கள் கொடுத்தது. அந்த அமைப்பின் முதல் வேலையே அதுதான். பிறகுதான் ஆபிரிக்காவுக்குப் போனார்கள். கடலைக் கண்ட ஊரிலிருந்து போகும் பிள்ளை இதைச் சொல்லும்போது அந்தக் குரலில் ஓர் உண்மை இருக்கும்.

இனி வைத்தியர், தாதியருக்கான இன்னொரு பரீட்சை. ஓ.ஈ.ரி. என்பார்கள். பேச்சுப் பகுதி சுமார் இருபது நிமிடம். இரண்டு நடிப்பு உரையாடல், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடமளவில். நீங்கள் வைத்தியர் அல்லது தாதி, எதிரே இருப்பவர் நோயாளி அல்லது நோயாளியின் உறவினர். இதற்கும் நாங்கள் சைக்கிளையே பயிற்சிக்கு எடுக்கிறோம். வாப்பாவின் சைக்கிளில் பின்னால் இருந்த பிள்ளையின் கால் சில்லுக் கம்பிக்குள் போய்விட்டது. உம்மா பதறிக்கொண்டு நிற்கிறார். நமது வார்டுகளுக்கு வருகிற காயம்தான் இது.

இங்கே மனப்பாடம் செய்த மருத்துவச் சொற்களை அடுக்கினால் புள்ளி குறையும். உம்மாவுக்கு விளங்காததைப் பேசியதாக அர்த்தம். முதலில் கேளுங்கள்: என்ன நடந்தது, எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள். பிறகு எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: எலும்பு முறிந்திருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்போம். குதிக்காலில் தோல் இன்று சிராய்ப்புப்போல் தெரியும். ஆனால் உள்ளே நசிந்திருந்தால் சில நாளில் கறுத்துப்போகலாம். அதனால் சொன்ன நாளில் கட்டாயம் காட்ட வாருங்கள். கடைசியில், விளங்கியதா என்று கேட்பதோடு விடாமல், வீட்டில் என்ன கவனிப்பீர்கள் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பயிற்சிக்கு எடுப்போம். விழும்போது ஹேண்டிலின் முனை வயிற்றில் குத்திய பிள்ளை. வெளியே ஒரு வட்டத் தழும்பு மட்டும்தான் இருக்கும். உள்ளே ஈரலோ மண்ணீரலோ கணையமோ காயப்பட்டிருக்கலாம். நோவும் வாந்தியும் பல மணித்தியாலம் கழித்து வரலாம். ‘அழவில்லையே, வீட்டுக்குப் போகிறோம்’ என்று சொல்லும் உம்மாவை, பயமுறுத்தாமல் நிறுத்தி வைக்க வேண்டும். தமிழில் இதை நாங்கள் ஒவ்வொரு கிழமையும் செய்கிறோம். ‘கொஞ்சம் இருங்க மகள், பின்னேரம் வரைக்கும் பார்த்துட்டு அனுப்புறோம்’ என்கிறோம். அதே பணிவையும் அதே தெளிவையும் ஆங்கிலத்தில் கொண்டுவருவதுதான் பயிற்சி. ஓர் உயிர் அதில் தங்கியிருக்கிறது என்பதால்தான் அந்த 7ஐக் கேட்கிறார்கள். அதை நாம் குறை சொல்ல முடியாது.

இனி மூன்று வேண்டுகோள். சங்கத்திடமும் ஆசிரியைகளிடமும் உம்மாமாரிடமும்.

சங்கத்திடம்: சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதக்கணக்கில் ஆகிறது. அந்தக் காலத்தில் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் இந்தப் பாடசாலையில் ஓர் அறையைத் திறந்து தாருங்கள். புத்தகம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் மூன்று வசனம் சொல்ல வேண்டும். பேசுவதைக் கையடக்கத் தொலைபேசியில் பதிந்து, தாங்களே ஒரு தடவை கேட்க வேண்டும். தன் குரலைத் தானே கேட்டால் ‘இஸ்கூல்’ தானாகவே திருந்தும். வெளிநாட்டில் இருக்கும் நமது பழைய மாணவிகள் கிழமைக்கு இருபது நிமிடம் வட்ஸ்அப்பில் வந்து பேசினால், புதிய குரலுக்குப் பதில் சொல்லிப் பிள்ளைகள் பழகுவார்கள். நாங்கள் சிலர் முறை வைத்து வரத் தயார்.

ஆசிரியைகளிடம்: உங்கள் வேலைப்பளு எங்களுக்குத் தெரியும். புதிய பாடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆங்கில வகுப்பில் கடைசி ஐந்து நிமிடம் ஒரு பிள்ளை எழுந்து தன் வீட்டைப் பற்றி, வீதியைப் பற்றிப் பேசட்டும். பேசி முடியும்வரை திருத்த வேண்டாம். இடையில் திருத்தினால் அந்தப் பிள்ளை மறுநாள் எழுந்திருக்காது. முடிந்த பிறகு ஒரு பிழையை மட்டும் சொல்லுங்கள். எங்களுக்கு அப்படிச் செய்த டீச்சர்மார் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நாங்கள் இன்று பேசுவதற்கு அவர்கள் காரணம்.

உம்மாமாரிடம்: சைக்கிளைப் பற்றியே ஒன்று. எங்கள் உம்மாமார் சைக்கிளை நிறுத்தியபோது யுத்தக் காலம். வீதியில் என்ன நடக்கும் என்று தெரியாத காலம். அவர்கள் நம்மைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் நாம் இன்று இங்கே இருக்கிறோம். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. ஆனால் இன்று அந்தக் காரணம் இல்லை. இன்று பயம் வீதியில் விரைந்து வரும் வாகனம்தான். அதற்கு நாம் எல்லாரும் சேர்ந்து பிரதேச சபையிடமும் மாநகர சபையிடமும் பாடசாலை விடும் நேரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கேட்கலாம். பிள்ளையை நிறுத்துவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்ப்போம். பதின்மூன்று வயதிலிருந்து ஒரு மனுசி உடம்பை அசைக்காமல் இருந்தால், நாற்பது வயதில் சீனி வருத்தத்தோடு எங்கள் முன்னால் வந்து உட்காருகிறார். இதை ஒவ்வொரு கிளினிக் நாளிலும் காண்கிறோம். உடுப்பு ஒழுங்கோடு, நாலைந்து பேராகச் சேர்ந்து, வீட்டார் அறிந்த வீதியால் ஒரு பிள்ளை பாடசாலைக்குச் சைக்கிளில் வருவதில் நமது மரபுக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். முடிவு உங்களுடையது.

மாணவிகளே, உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. இன்று இரவு உங்கள் உம்மாவிடம், மூத்தம்மாவிடம் ‘நீங்கள் சைக்கிள் ஓடுவீர்களா, எப்போது பழகினீர்கள், எப்போது விட்டீர்கள்’ என்று கேளுங்கள். அவர்கள் தமிழில் சொல்வதை நாளை மூன்று ஆங்கில வசனமாக்கிப் பக்கத்தில் இருக்கும் தோழிக்குச் சொல்லுங்கள். பிழை வரும். வரட்டும். ஆனால் அந்த மூன்று வசனமும் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவையாக இருக்கும்.

 நூறு வருடமாகப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தைத் தந்த இந்தப் பாடசாலைக்கு, இனி வரும் வருடங்களில் அவர்களுக்குப் பேச்சையும் தரும் பாக்கியத்தை அல்லாஹ் அருள்வானாக.